லாக்கர் எந்தப் பக்கம்

ஏப்ரல் 8

அண்ணாவுக்கு,

உன் போனில் என் நம்பரை பிளாக் செய்து வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டு விலாசத்துக்கு எழுதினால் முதலில் அண்ணி கைக்குப் போகும், அப்புறம் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் கம்பெனி விலாசம். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற கம்பெனிக்குக் கையால் எழுதிய கடிதம் வந்தால் யாரோ நடுவில் மாட்டிக்கொண்டவர் புகார் எழுதியிருக்கிறார் என்று நினைத்து உன் மேஜையில் போட்டுவிடுவார்கள். யோசித்துப் பார்த்தால் இதுவும் அப்படிப்பட்ட புகார்தான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கண் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன். மே பதினான்கு வலது கண், இருபத்தெட்டு இடது கண். கண்ணுக்குள்ளேயே சின்னதாக ஒரு லென்ஸை வைத்துவிடுவார்களாம். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்னார். ஆனால் கூட ஒரு ஆள், வீட்டு ஆள், வந்தே ஆக வேண்டும் என்றும் சொன்னார். கையெழுத்துப் போட வேண்டும், கட்டுப் போட்ட கண்ணோடு இருப்பவளைக் கைபிடித்துக் கூட்டிப் போக வேண்டும், நாலைந்து நாள் வீட்டில் இருந்து சொட்டு மருந்து விட வேண்டும். அப்பா அம்மா போன பிறகு வீட்டு ஆள் என்று சொல்ல எனக்கு உன்னை விட்டால் யாருமில்லை. வருவாயா? கேள்வி இது ஒன்றுதான். மற்றதெல்லாம் முன்கதை.

முன்கதை என்னவென்றால், போன ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக வாட்டர் பார்க் போனேன். சிரிக்காதே. பஸ் ஜன்னலில் அந்தப் பெரிய நீலக் குழாய் தெரியும்போதெல்லாம், அடுத்த லீவில் கூட்டிப் போகிறேன் என்பாய். நீ கூட்டிப் போவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும் போலிருந்தது. முப்பத்திரண்டு வயதில் ஒருத்திக்குச் சறுக்கி விளையாட ஆசை வந்தால் அது குற்றமில்லையே.

போவதற்கு முன்னால் பவர் வைத்த நீச்சல் கண்ணாடி கிடைக்குமா என்று ஒரு கடையில் கேட்டேன். கடைக்காரர் என் கண்ணாடியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "எட்டு வரைக்கும்தான் வரும்மா. உங்க பதினொண்ணுக்கு நீங்க மீனாப் பொறந்திருந்தாத்தான் உண்டு" என்றார். கண்மேல் ஒட்டிக்கொள்கிற கான்டாக்ட் லென்ஸ் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பது உனக்கே தெரியும். சரி, தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று கண்ணாடியோடு கிளம்பிவிட்டேன்.

சறுக்கு மரத்து வாசலில் நின்றவர் கண்ணாடியைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு வரச் சொன்னார். வைத்தேன். லாக்கர் சாவி மணிக்கட்டில் ஒரு ரப்பர் பட்டையில் இருக்கும், அதில் நம்பர் இருக்கும். அந்த நம்பரைப் படிக்க எனக்குக் கையை மூக்குவரை கொண்டுவர வேண்டும். பல் செட் செய்கிற எங்கள் லேபில் இதே கண்ணை எல்லாரும் மெச்சுவார்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பல் செட்டை மூக்கருகே பிடித்தால் அதன் ஓரத்தில் தலைமுடி அளவு பிசிறு இருந்தாலும் சொல்லிவிடுவேன். ஒரு சாண் தூரம் வரை நான் ராணி. அதற்கு அந்தப் பக்கம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான்.

பெரிய சறுக்கில் ஒற்றை ஆளை ஏற்ற மாட்டார்களாம். இரண்டு பேர் உட்காரும் டியூப். "ஜோடி யாருங்க?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் பின்னால் நின்ற ஒரு பள்ளிக்கூடப் பெண்ணை என் முன்னால் உட்கார வைத்தார்கள். கீழே வந்து விழுந்ததும் அவள் எழுந்து ஓடிவிட்டாள். உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சறுக்கு நன்றாக இருந்தது. இருட்டுக் குழாய்க்குள் கண் தெரிந்தவர்களும் என்னைப் போலத்தான். வாய்விட்டுக் கத்தினேன்.

அதற்குப் பிறகுதான் பாடு. வெளியே வந்தால் எங்கே பார்த்தாலும் ஒரே வெளிச்சம், தண்ணீர், நிறம் நிறமாக அசைகிற மூட்டைகள். லாக்கர் எந்தப் பக்கம் என்று கேட்டால் எல்லாரும் "அதோ" என்றார்கள். அதோ என்பதைப் போல உதவாத சொல் நம் பாஷையில் இல்லை. அலைக் குளத்தைச் சுற்றி எத்தனை தடவை வந்தேனோ தெரியாது. ஒரே ஒரு மனுஷன்தான் அதோ சொல்லவில்லை. கேட்டதும் வாயே திறக்காமல் என் இரண்டு தோளையும் பிடித்துத் திருப்பி, மெல்ல முன்னால் தள்ளிவிட்டார். நேரே போய் லாக்கர் சுவரில் முட்டினேன். வாய் பேச முடியாதவர் போலிருக்கிறது. நன்றாக இருக்கட்டும்.

லாக்கர் வரிசையில் ஒவ்வொரு கதவாக மூக்கை வைத்து நம்பர் படித்துக்கொண்டு போனேன். ஒரு அம்மாள், "என் பெட்டியை எதுக்கு மோந்து பாக்குறே?" என்று சத்தம் போட்டு, காவலாளியைக் கூப்பிட்டு, பத்துப் பேர் கூடிவிட்டார்கள். கண்ணாடியை எடுக்கத்தான் தேடுகிறேன் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினால் என்ன என்று ஒருவர் கேட்டார். கடைசியில் காவலாளியே திறந்து கொடுத்தார். போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

போன வருஷம் நடந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. உன் முதலாளியம்மாவின் தம்பிக்கு என்னைப் பேசியபோது பவர் இரண்டு என்று சொன்னது நீ. கண்ணாடியைப் பையில் வைத்துக்கொள் என்று சொன்னதும் நீ. அந்த மனிதர் எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார், எனக்குத் தெரியவில்லை, நான் சிரிக்கவில்லை. பெண்ணுக்குத் திமிரோ என்று அவர்கள் முணுமுணுத்ததும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பதினொன்று என்று சொன்னேன். காலம் முழுக்க முகம் தெரியாத ஒருவரோடு குடித்தனம் நடத்த என்னால் முடியாது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

ஆனாலும் நீ வர வேண்டும். ஒரு வரி எழுது.

தங்கை


ஏப்ரல் 14

புட்டிக்கு,

சோடாபுட்டி என்று எழுதத்தான் நினைத்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பெயர் செல்லாது, இப்போதே பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன்.

வருகிறேன். பதினான்காம் தேதிக்கு லீவு சொல்லிவிட்டேன். அண்ணியிடமும் சொல்லிவிட்டேன். நீ நினைக்கிற மாதிரி அவள் கடிதத்தைக் கிழிக்கிறவள் இல்லை. போய்விட்டு வா, எத்தனை நாள் வேண்டுமானாலும் இருந்துவிட்டு வா என்றாள்.

நீ உன் நியாயத்தை எழுதிவிட்டாய், என்னுடையதையும் கேள். பதினொன்றை இரண்டாக்கியது தப்புதான். எதற்காகச் செய்தேன்? எனக்காகவா? உனக்கு முப்பது தாண்டிவிட்டது. வந்த நாலு இடமும் கண்ணாடியைப் பார்த்ததும் காபி கூடக் குடிக்காமல் போனார்கள். ஒரு இடமாவது உன்னைப் பார்த்துவிட்டு அப்புறம் கண்ணாடியைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். நீ எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தாய். அவர்கள் எழுந்து போன பிறகு முதலாளியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "கோளாறான சாமானை நம்ம வீட்டிலேயே தள்ளிவிடப் பார்த்தியே" என்றார். என் தங்கையைச் சாமான் என்றார், நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த ஆத்திரத்தைத்தான் உன்மேல் காட்டினேன். வேறு யார்மேல் காட்ட முடியும்? அவர்கள் போடுகிற சம்பளத்தில்தான் என் வீடு நடக்கிறது. இந்த ஜூனில் சூப்பர்வைசர் வேலை காலியாகிறது, அதுவும் அவர்கள் கையில்தான்.

சரி, பழசு போகட்டும். தனியாக எதற்கு அந்த இடத்துக்குப் போனாய்? உனக்கு எல்லாவற்றிலும் வீம்பு. கூட வேலை பார்க்கிற ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். கண் தெரியாமல் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து மண்டை உடைந்திருந்தால்? அந்த வெயிலில், கொதிக்கிற சிமெண்டுத் தரையில், ஒற்றைக் கால் செருப்போடு நொண்டிக்கொண்டு நடந்தால் உள்ளங்கால் கொப்பளிக்காமல் என்ன செய்யும்? மருந்து ஏதாவது போட்டாயா இல்லையா? ஆபரேஷன் சமயத்தில் காலில் புண் இருக்கக் கூடாது, டாக்டரிடம் காட்டு.

முதல் நாள் ராத்திரியே வந்துவிடுகிறேன். எனக்குத் தரையில் பாய் போதும்.

அண்ணன்


ஏப்ரல் 17

அண்ணாவுக்கு,

"வருகிறேன்" என்ற வரியைப் படித்துவிட்டு லேபிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எதிரில் உட்கார்ந்து மெழுகு வேலை பார்க்கிற அக்கா, பல் அச்சு மாவு கண்ணில் விழுந்துவிட்டதா என்று கேட்டார். அவரிடம் காட்டிப் படித்தேன். வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் ஒரு தடவை, வீட்டில் ஒரு தடவை. முதலாளியம்மா சொன்னதைப் படித்தபோது உன்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

அப்புறம்தான் செருப்பு கண்ணில் பட்டது.

அண்ணா, நான் செருப்பைப் பற்றி எழுதவில்லை. சறுக்கிலிருந்து விழுந்த குளத்தில் ஒரு செருப்பு போனது நிஜம். ஒற்றைச் செருப்போடு நொண்டினதும் நிஜம், கால் கொப்பளித்ததும் நிஜம். ஆனால் எழுதவில்லை. மற்ற அவமானத்தையெல்லாம் எழுதினேன், அது மட்டும் எனக்கே கேலியாக இருந்ததால் விட்டுவிட்டேன். மெழுகு அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த செருப்பைக் குப்பையில் போட்டேன், அதோடு சரி.

உனக்கு எப்படித் தெரியும்?

தங்கை


ஏப்ரல் 21

புட்டிக்கு,

இதற்கெல்லாம் ஒரு கடிதமா? எங்கள் கம்பெனி ஆள் ஒருத்தன் அன்றைக்கு அங்கே போயிருந்தான். உன்னைப் பார்த்ததாகச் சொன்னான், பேச்சுவாக்கில் செருப்பையும் சொன்னான். நீ எழுதியதும் அவன் சொன்னதும் மனதில் கலந்துவிட்டது. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்கு என்னென்ன எடுத்து வர வேண்டும் என்று எழுது. சொட்டு மருந்து எத்தனை மணிக்கு ஒருமுறை என்று கேட்டு வை.

அண்ணன்


ஏப்ரல் 24

அண்ணாவுக்கு,

உங்கள் கம்பெனி ஆள் யாரும் என்னைப் பார்த்ததில்லை. உன் கல்யாணத்தில்கூட நான் போட்டோவில் கண்ணாடி இல்லாமல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறேன், நீதான் கழற்றச் சொன்னாய். நீச்சல் உடுப்பும் தொப்பியும் போட்ட ஒருத்தியைப் பார்த்து இவள் இன்னாரின் தங்கை என்று கண்டுபிடிக்கிற அந்த மகாபுத்திசாலி யார்? பெயர் வேண்டாம், என்ன வேலை பார்க்கிறான் என்றாவது சொல்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நீ வாயைத் திறக்காமலே இருந்து, கடைசியில் பேனாவால் கெட்டாய்.

இந்த மூன்று நாளாக என் தோளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த மனிதர் இரண்டு தோளையும் பிடித்தார், கட்டைவிரல் பின்பக்கம் பதிந்தது, அரைச் சுற்றுத் திருப்பினார், தள்ளினார். கண் தெரியாதவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போகத்தான் யாருக்கும் தோன்றும். தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டால் இவள் நேர்க்கோட்டில் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

அது நீயா? ஆமாம், இல்லை, ஒரு சொல் போதும்.

தங்கை


மே 1

புட்டிக்கு,

ஆமாம்.

ஒரு சொல் போதும் என்றாய், எனக்குப் போதவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. நடந்தது இதுதான்.

அன்றைக்குக் கம்பெனியிலிருந்து குடும்பத்தோடு கூட்டிப் போயிருந்தார்கள். முதலாளி, முதலாளியம்மா, அந்தத் தம்பி, அவருக்குப் புதிதாக வந்த மனைவி, எல்லாரும். அலைக் குளத்தின் ஓரம் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். நான் அவர்களுக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது நீ குளத்தின் அந்தப் பக்கமிருந்து வந்தாய். ஒரு கை காற்றில் நீட்டியபடி, இன்னொரு கை மூக்கருகே. ஒரு காலில் செருப்பு இல்லை. தரை சுட்டதால் அந்தக் காலைக் குதிகாலில் ஊன்றி நடந்தாய். தூரத்திலேயே நீதான் என்று தெரிந்துவிட்டது எனக்கு.

முதலாளியம்மாவும் பார்த்தார். தொப்பியும் நீச்சல் உடுப்புமாக இருந்ததால் உன்னை அடையாளம் தெரியவில்லை. "யாருப்பா அது, கையை மோந்து பாத்துக்கிட்டே போகுது?" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். உனக்குத் தெரிஞ்சவங்களா என்று யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், "யாரோ, தெரியாதுங்க" என்று. கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. என் மடியில் பாப்பா இருந்தாள். அவள் உன்னைக் கண்டுகொண்டாள். "அத்..." என்று அத்தையைக் கூப்பிட வாயெடுத்தாள். அவள் வாயைப் பொத்தினேன். கையை எடுத்தால் கத்திவிடுவாளோ என்று நீ தாண்டிப் போகிறவரை எடுக்கவில்லை. அண்ணி அதைப் பார்த்தாள். பாப்பாவை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவர்கள் சாப்பிடப் போன பிறகு உன் பின்னாலேயே வந்தேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது பொய்யில்லை. நாலு அடி தள்ளி, நீ வழுக்கினால் பிடிக்கலாம் என்று வந்தேன். நீ சட்டென்று திரும்பி எனக்கு நேரே வந்து நின்றாய். "அண்ணா, லாக்கர் எந்தப் பக்கம்?" என்றாய். எனக்கு உயிரே போய்விட்டது. கண்டுபிடித்துவிட்டாய் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, பஸ் கண்டக்டரைக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டிருக்கிறாய் என்று. அந்தத் தம்பியும் மனைவியும் பக்கத்தில் ஐஸ்கிரீம் வரிசையில் நின்றார்கள். நான் ஒரு வார்த்தை பேசினால் நீ என் குரலைப் பிடித்துவிடுவாய், அங்கேயே கட்டிக்கொள்வாய் அல்லது அங்கேயே திட்டுவாய். இரண்டையும் அவர்கள் பார்ப்பார்கள். அதனால் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"ரொம்ப நன்றிங்க" என்றாய். பிறந்ததிலிருந்து நீ எனக்கு 'ங்க' போட்டதில்லை.

லாக்கர் பக்கம் சத்தம் வந்தபோதும் கேட்டது. அப்போதாவது வந்திருக்கலாம். ஜூன் மாதத்தை நினைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் பாப்பா, அத்தையிடம் ஏன் பேசவில்லை என்று கேட்டாள். அது ஒரு விளையாட்டு என்றேன். அண்ணி சமையலறையிலிருந்து, "குழந்தைகிட்டயுமா?" என்றாள். அதற்கப்புறம் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. உன் கடிதம் வந்தபோது, வாய் பேச முடியாதவர் என்று நீ எழுதியிருந்ததைக் கம்பெனிக் கழிவறையில் நின்று படித்தேன். வருகிறேன் என்று எழுதியது உன் கண்ணுக்காக மட்டுமில்லை. என் மனசைச் சரிக்கட்டிக்கொள்ளவும்தான்.

இத்தனைக்குப் பிறகும் வரச் சொல்வாயா? வரச் சொல்.

அண்ணன்


மே 6

அண்ணாவுக்கு,

வராதே.

கையெழுத்துப் போட மெழுகு அக்கா வருகிறார். வீட்டு ஆள் வேண்டும் என்று சொன்னேன். "நான் மட்டும் என்ன, வீட்டிலிருந்துதானே வர்றேன்" என்றார். உறவு என்ற இடத்தில் அக்கா என்று எழுதிவிட்டார். அவருக்கு இரண்டு பையன்கள், மாமியார், மூட்டுவலி எல்லாம் இருக்கிறது. ஆனாலும் யோசிக்க ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

நீ எழுதியதில் பொய் இல்லை என்று தெரிகிறது. அதனால் ஆறுதல் வருமென்று எதிர்பார்த்தாயோ என்னவோ, வரவில்லை. ரோட்டில் எதிரே வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். முகத்தைத் திருப்புவதும் ஒரு பேச்சுதான், எனக்கும் பதிலுக்குத் திருப்பிக்கொள்ள வழியிருக்கும். நீ அதைக்கூடச் செய்யவில்லை. செய்யத் தேவையில்லை என்று உனக்குத் தெரியும். எத்தனை அடி தள்ளி நின்றால் எனக்குக் காணாமல் போகலாம் என்று அளந்து தெரிந்து வைத்திருப்பவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான். ரோட்டில் கைபிடித்துப் போன காலத்தில் தெரிந்துகொண்டதை எனக்கே திருப்பிவிட்டாய்.

முதலாளியம்மா சிரித்தது எனக்கு வலிக்கவில்லை. அவருக்கு நான் யாரோ. அந்த லாக்கர் அம்மாளும் யாரோ. பாப்பாவின் வாய்தான் எனக்கு ஆறவில்லை. அத்தை என்று கூப்பிட ஒரு ஜீவன் அந்த இடத்தில் இருந்திருக்கிறது. அந்தப் பெரிய குளத்தில் என்னைத் தெரிந்த ஒரே ஆள் ஐந்து வயதுக் குழந்தை. அவள் வாயையும் பொத்திவிட்டாய். ஒரு சத்தம் கேட்டிருந்தால் நான் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வந்திருப்பேன் அண்ணா.

வாய் பேச முடியாத அந்த மனிதருக்காக நான் ஒரு வாரம் வேண்டிக்கொண்டேன். அதை நினைத்தால்தான் அவமானமாக இருக்கிறது.

அண்ணியிடம் சொல், அவர் கடிதத்தைக் கிழிப்பார் என்று நினைத்ததற்கு என்னை மன்னிக்கச் சொல். சூப்பர்வைசர் வேலை கிடைக்கட்டும். கிடைத்தால்தான் நீ செய்ததற்கு ஒரு கூலியாவது இருக்கும்.

தங்கை


மே 16

புட்டிக்கு,

வராதே என்றாய். வந்தேன்.

பதினைந்தாம் தேதி காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று நர்ஸ் சொன்னார். மறு பரிசோதனை முடிந்து உன்னை வெளியே கூட்டி வந்தபோது வராந்தாவின் கடைசியில் நின்றுகொண்டிருந்தேன். கருப்புக் கண்ணாடி போட்டு, அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாய். கண் புண்ணாக இருக்கும்போது உன்னைக் கூப்பிட்டு அழவைக்க வேண்டாம் என்று தோன்றியது. நீ என்னைப் பார்த்திருக்க மாட்டாய். பார்க்காமல் இருந்ததே நல்லது.

ஆரஞ்சுப் பையை நர்ஸிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். புண்ணில் தண்ணீர் படக் கூடாது, ஜாக்கிரதை. அண்ணியும் பாப்பாவும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். சூப்பர்வைசர் வேலையை அந்தத் தம்பியின் மச்சானுக்குக் கொடுத்துவிட்டார்கள். நீ சிரித்துக்கொள்ளலாம்.

அண்ணன்


மே 20

அண்ணாவுக்கு,

ஆரஞ்சு கிடைத்தது. மெழுகு அக்காவின் பையன்களுக்குக் கொடுத்துவிட்டேன். வேலை போனதற்கு நான் சிரிக்கவில்லை.

நான் பார்த்தேன்.

உள்ளே கட்டைப் பிரித்துவிட்டுத்தான் கருப்புக் கண்ணாடி போட்டார்கள். டாக்டரம்மா சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், கடைசி வரிக்கு முந்தின வரிவரை படித்தேன். வெளியே வந்து வராந்தாவில் தலையைத் தூக்கினேன். அந்தக் கோடி வரை எல்லாம் தெரிந்தது. தண்ணீர் மெஷின், அதன் மேலே ஒட்டியிருந்த காகிதம், அதன் பக்கத்தில் நீ. பவர் கண்ணாடி இல்லாமல் அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு முகத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உனக்கு முன்நெற்றி ஏறிவிட்டது. காதோரம் நரைத்திருக்கிறது. சட்டையின் இரண்டாவது பட்டன் இல்லை. இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

என் கால் நின்றுவிட்டது. கூப்பிடுவாய் என்று நினைத்தேன். நீ உடம்பைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் இன்னொரு தடவை நிற்கிறாய் என்று. கை நீட்டினால் தொடும் தூரத்தில் உன்னைத் தாண்டி நடந்தேன். யாரோ உங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறாரே என்று மெழுகு அக்கா காதில் சொன்னார். நேரமாகிறது, வாங்க என்று அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

ஆட்டோவில் ஏறும்வரை, பழிக்குப் பழி வாங்கிவிட்டேன் என்றுதான் இருந்தது. வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் அது போய்விட்டது. அழக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருப்பதால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கூடப் பிறந்தவனைப் பார்த்துக்கொண்டே பேசாமல் போவது கஷ்டம் என்று நினைத்திருந்தேன். ஒன்றுமே இல்லை அண்ணா, கால் தன்பாட்டுக்கு நடந்துவிடுகிறது. உனக்கும் அன்றைக்கு அப்படித்தான் இருந்திருக்கும். இதைப் புரிந்துகொண்டதால் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. உன்மேல் இருக்கிற கோபம் அப்படியே இருக்கிறது, அதோடு என்மேலும் கொஞ்சம் சேர்ந்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இருபத்தெட்டாம் தேதி இடது கண். மெழுகு அக்காவுக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. வேறு யாரையும் நான் இன்னும் கேட்கவில்லை.

வருவதாக இருந்தால் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. தூண் பின்னால், சுவர் ஓரம், தண்ணீர் மெஷின் பக்கம் எல்லாம் நிற்காதே. நடு வாசலில் நின்று, அத்தனை பேர் முன்னாலும், என்னைச் சத்தமாகக் கூப்பிடு. நான் திரும்பிப் பார்ப்பேனா என்பதை இப்போதே சொல்ல முடியாது.

தங்கை